கார் விலையைக் குறைக்க நான் சொன்ன பொய்

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, ஆண்டு சரியாக நினைவில்லை. மாரி மழை விட்டு, சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை மஞ்சள் பிடித்து வெட்டுக்கு நின்ற மாசி மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த நாட்களில் நான் மருதமுனையில் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரங்களை மொத்தமாக வாங்கி, அக்கரைப்பற்று, அம்பாறை, உகன என்று கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குக் கண்டக்டர்களோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். சொந்தமாக ஒரு கார் இருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று நினைத்தேன். ஜப்பான் கார்கள் அப்போது ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தாலும் அவை எனக்கு எட்டாத விலை. பழைய மொறிஸ் மைனர் ஒன்றுதான் என் கைக்கு அடங்கும்.

எனக்குக் கார் பார்க்கத் தெரியும். கல்முனையில் கராஜ் வைத்திருந்த என் கூட்டாளியோடு ஓய்வு நேரங்களில் நின்று நின்று கற்றுக்கொண்டது. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பழைய கார் ஒன்றின் நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவன் ஒருநாள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அதே மாதிரிக் கார் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று முதலில் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். எங்கள் கரையில் ஓடிய கார் என்றால் உப்புக்காற்று தகரத்தைத் தின்றிருக்கும்; கதவடியையும் காலடித் தகட்டையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். இஞ்சின் சூடாவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகையைப் பார்க்க வேண்டும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் கண்ட பழுதைத் திருத்த என்ன செலவாகுமோ அதை மட்டும் கழித்தால் மிச்சம் வருவதுதான் விலை.

ஒயில் ஊற்றும் மூடியைப் பற்றியும் அவன் சொல்லித் தந்திருந்தான். மூடியின் உட்பக்கம் பால்போல வெள்ளையாகப் பிடித்திருந்தால், இஞ்சினின் மேல்பாகமான ஹெட் வெடித்துத் தண்ணீர் ஒயிலோடு கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் ஓடாமல் நின்ற காரிலும் ஈரத்தால் மெல்லிய வெள்ளைப் படலம் வரும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. துடைத்துவிட்டு நாலு நாள் ஓடினால் போய்விடும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, ஒயில் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்த பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

சம்மாந்துறையில் ஒரு மொறிஸ் மைனர் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு காலை நேரம் தனியாகப் போனேன். காரின் சொந்தக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்த வயலைத் தானே செய்கிறவர். மகளும் மருமகனும் அவரோடு அதே வீட்டில் இருந்தார்கள்.

"இரிங்க தம்பி, மகள் தேத்தண்ணி போடுறா" என்றார். நான் உட்காரவில்லை. நேரே காரடிக்குப் போனேன்.

சாம்பல் நிறக் கார். ஓலைக் கொட்டிலுக்குள் நின்றது. பன்னிரண்டு வருடமாக அவர் கையில்தான் இருந்ததாம். ஊர் கரையிலிருந்து சற்று உள்ளே என்பதால் துரு மிகக் குறைவு. இரண்டு டயர்கள் தேய்ந்திருந்தன. ஸ்டார்ட் பண்ணியதும் இஞ்சின் தையல் மெசின் போல ஓடியது. பின்சீட்டில் ஒரு தலையணை கிடந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று ஒப்புக்குக் கேட்டேன். "இனி எங்கயும் போறதுக்கு இல்ல தம்பி" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அன்று அந்த வீட்டு வளவில் காரைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அவர் இருபத்தெட்டாயிரம் கேட்டார். நான் விசாரித்த விலைகளை வைத்துப் பார்த்தால், டயருக்கும் சில்லறை வேலைகளுக்கும் கழித்தாலும் இருபத்தேழு பெறும். என்னிடம் இருந்தது இருபத்துமூன்று. உள்ளதைச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் கார் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. கேட்டு வாங்குவதைவிட மடக்கி வாங்குவதுதான் கெட்டித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

ஒயில் மூடியைக் கழற்றினேன். உட்பக்கம் மெல்லிய வெள்ளைப் படலம். கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் சுத்தமாக இருந்தது. மழை நாட்களில் ஓடாமல் நின்ற காரின் ஈரம்தான் அது. கம்பியைத் துடைத்து உள்ளே விட்டுவிட்டு, மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களை அழைக்கும் முறையில் அவரைக் கூப்பிட்டேன்.

"காக்கா, கொஞ்சம் இஞ்ச வாங்க. இதப் பாருங்க. ஒயில்ல தண்ணி கலந்திரிக்கி. ஹெட் வெடிச்சிரிக்கி."

அவர் அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்பிடியெண்டா என்ன தம்பி?"

"அப்பிடியெண்டா கார் எந்த நேரம் எங்க நிக்குமெண்டு சொல்லேலா. ஹெட்ட மாத்தோணும். செலவு கூட."

"இது எப்பயிருந்து இரிக்கும்?"

நான் யோசிக்கவே இல்லை. பழுது எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு விலை இறங்கும். "ரெண்டு வருஷமாச்சும் இரிக்கும். கவனிக்காம உட்டிட்டீங்க. வழியில எங்கயாவது நிண்டிரிக்கணுமே?"

அவர் மறுபடியும் அந்த மூடியைப் பார்த்தார். பிறகு, "ஓம். ஒரு தரம் நிண்டிச்சி" என்றார்.

"நான் சொன்னன்தானே" என்றேன்.

அவர் கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. விலை இறங்கப் போகிற கவலை என்று எடுத்துக்கொண்டேன். "ஒங்களுக்குச் சரியெண்டு படுற விலையச் சொல்லுங்க" என்றார். இருபத்திரண்டு என்றேன். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. உள்ளே போய்க் காரின் புத்தகத்தையும் சாவியையும் கொண்டுவந்து தந்தார். நான் காரை வெளியே எடுக்கும்போது கதவடிக்கு வந்து குனிந்து சொன்னார்:

"தம்பி, இதத் திருத்திப்போட்டுத்தான் பொஞ்சாதி புள்ளயள ஏத்தோணும். என்ன?"

"ஓம் காக்கா" என்றேன். அவர் மகள் வைத்த தேநீர் அப்படியே இருந்தது.

அன்று கல்முனைக்கு வந்து கூட்டாளியிடம் காரைக் காட்டினேன். ஹெட்டுக்கு ஒன்றும் இல்லை என்று அவனும் சொன்னான். நான் நடந்ததைச் சொன்னபோது இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். தேநீர்க் கடையில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு, கார் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு இடங்களில் அதே மாதிரி மூடியைக் கழற்றிக் காட்டி விலையைக் குறைத்துக் கொடுத்தேன்.

ஆவணி மாதம் ஒருநாள் லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், சம்மாந்துறைக்காரரின் மருமகன் வாசலில் நிற்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும் அமைதியான மனிதர். உள்ளே அழைத்து இருத்தினேன்.

"கார் சுகமா ஓடுதா நானா... ஹெட்ட மாத்தினீங்களா?" என்று கேட்டார். "காக்கா" என்பதற்குப் பதிலாக "நானா" என்று அவர் அழைத்தது வெளியூரில் படித்த பழக்கமாக இருக்கலாம்.

"திருத்தியாச்சி" என்றேன். இன்னொரு பொய்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லத் தொடங்கினார். "மாமி அந்தக் காருக்குள்ளதான் மௌத்தான."

நான் கார் வாங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு நடந்த மரணம் அது. மார்கழி மழையில் ஒரு பின்னேரம் மாமனாரின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. பின்சீட்டில் தலையணை வைத்துப் படுக்க வைத்து, கல்முனை ஆஸ்பத்திரிக்கு மாமனாரே ஓட்டியிருக்கிறார். மாவடிப்பள்ளியடியில் வெள்ளம் ரோட்டுக்கு மேலால் பாய்ந்திருக்கிறது. நடு வெள்ளத்தில் கார் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. உழவு மெசின் ஒன்று வந்து இழுத்து எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. காரைதீவுச் சந்தி வருவதற்குள் அந்த அம்மாவின் மூச்சு அடங்கிவிட்டது.

"அல்லாஹ்ட நாட்டம் எண்டு மாமா பொறுமையாத்தான் இருந்தார். நீங்க வந்து போனதுக்குப் புறகுதான் இப்பிடி. ரெண்டு வருஷமா ஹெட் வெடிச்சிக் கிடந்திரிக்கி, நான் கவனிக்கல்ல, நான்தான் அவள மௌத்தாக்கிட்டன் எண்டு சொல்லிச் சொல்லி... வயலுக்கும் போறல்ல. சோறு தின்னுறதும் பேருக்குத்தான். எங்கட கதை எதையும் கேக்கார் இல்ல."

நான் அவரைப் பார்க்க முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒரு தரம் வந்து, அது சின்னப் பழுதுதான், அதால கார் நிண்டிரிக்காது எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும். பொய்யெண்டாலும் பரவால்ல நானா. நீங்க கார் தெரிஞ்சவர் எண்டு அவர் நம்புறார்."

பொய்யெண்டாலும் பரவால்ல என்று அவர் சொன்னபோது என் உடம்பு கூசிப்போனது. அது பொய்யல்ல, உண்மையே அதுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில வாறன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உடனே கூட்டாளியிடம் போனேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். இந்தத் தடவை இருவரும் சிரிக்கவில்லை. நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ சொன்னா நம்புவாரா? ஆறுதலுக்குச் சொல்றான் எண்டுதான் நினைப்பார்" என்றான் அவன். "நானும் வாறன். அவருக்கு முன்னுக்கு வெச்சி ஹெட்டக் கழட்டிக் காட்டுவம்."

மறுநாள் காலை அந்தக் காரிலேயே போனோம். கார் வளவுக்குள் நுழைவதைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதத்தில் பாதியாகிப் போயிருந்தார். மருமகன் பக்கத்தில் நின்றார். மகள் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"காக்கா, அண்டைக்கி நான் சொன்னது பொய். ஹெட் வெடிக்கல்ல. கார்ல ஒரு பழுதும் இல்ல."

அவர் மருமகனைப் பார்த்தார். "நீங்கதானே போய்க் கூட்டி வந்த?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "என்ன ஆறுதல் படுத்த இவ்வளவு தூரம் வந்திரிக்கீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நன்மைய எழுதட்டும்" என்றார்.

அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த துஆ என்னை நிலைகுலைய வைத்தது.

கூட்டாளி பொனட்டைத் திறந்தான். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஒவ்வொரு நட்டாகக் கழற்றத் தொடங்கினான். நான் அவனுக்குக் கைகொடுத்தேன். முதலில் அவர் விறாந்தையிலேயே இருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து தள்ளி நின்றார். ஹெட்டைத் தூக்கி ஒரு சாக்கின் மேல் வைத்து மண்ணெண்ணெயால் கழுவியபோது அவர் எங்கள் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"கண்ணாடி இரிந்தா எடுத்து வாங்க காக்கா" என்றான் கூட்டாளி. மகள் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரும்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். விரலால் தடவினார். திருப்பிப் போடச் சொல்லி மறுபக்கமும் பார்த்தார். வெடிப்பு எதுவும் இல்லை. ஹெட்டுக்கும் இஞ்சினுக்கும் இடையில் வைக்கும் கேஸ்கட் தகட்டை அடியிலிருந்து உரித்து அவர் கையில் கொடுத்தான் கூட்டாளி. "இது எத்தினையோ வருஷத்துப் பழசு. இவன் ஹெட்ட மாத்தியிருந்தா இது புதுசா இரிக்கணும். ஒருத்தரும் கழட்டல்ல. ஒங்கட கையில இருந்த அதே ஹெட்தான் இது."

அவர் கேஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்கி வெள்ளத்துக்குள்ள கார் எப்பிடி நிண்டிச்சி?" என்று கேட்டான் கூட்டாளி.

"தண்ணி காரிட சில்லு பாதி மறையிற அளவு. டக்கெண்டு நிண்டிச்சி."

"மறுகா ஓடிச்சா?"

"அடுத்த நாள் வெயில் பட்டதும் நான்தான் ஸ்டார்ட் பண்ணினன். ஒரு கரைச்சலும் இல்லாம ஓடிச்சி" என்றார் மருமகன்.

"அப்ப கரண்ட் போற இடத்தில தண்ணி பட்டிரிக்கி. காய்ஞ்சதும் சரியாகிட்டு. புதுக் காரெண்டாலும் அதுக்குள்ள நிண்டிரிக்கும். நான் ஓட்டியிருந்தாலும் நிண்டிரிக்கும் காக்கா."

"வெள்ளத்துக்குள்ள எறக்காம இரிந்திரிக்கலாமே" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

"வேற ரோட்டு எங்க இரிந்திச்சி மாமா?"

அவர் கேஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல" என்றார். "வேற ரோட்டு இருக்கல்ல." கதவுக்குப் பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் தம்பி அப்பிடிச் சொன்னீங்க?"

"விலையக் குறைக்க, காக்கா."

"கேட்டிரிந்தாக் குறைச்சிரிப்பனே. அவ போனதுக்குப் புறகு அது முத்தத்தில நிக்கிறதப் பாக்க ஏலாமத்தான் வித்தன். சும்மா கேட்டிரிந்தாலும் குறைச்சிரிப்பன்."

சாரம் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். காரின் நியாயமான விலைக்கும் நான் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். அதை அவர் முன்னால் வைத்து, செய்த பிழைக்கு மாப்புக் கேட்டேன். "காரிட விலைய எடுக்கிறன். அது எனக்குச் சேர வேண்டியது" என்று வாங்கிக்கொண்டார். மாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டாளி புதுக் கேஸ்கட் போட்டு எல்லாவற்றையும் பூட்டி முடிக்க அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தவர், வளவு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "ஆறு மாசமா நான் அவட கபுறடிக்குப் போகல்ல தம்பி. போறதுக்கு முகம் இரிக்கல்ல. என்ன அங்க கொண்டு போங்க."

அந்தக் காரில்தான் கொண்டுபோனேன். அவர் தானாகவே பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மருமகன் முன்னால் இருந்தார். அவர் மனைவியை அடக்கியிருந்த மையவாடியின் வாசலில் காரை நிறுத்திவிட்டு நான் வெளியில் நின்றேன். உள்ளே மரங்களுக்கிடையில் அவர் கைகளை ஏந்தி நின்றது தெரிந்தது. பிறகு மண்ணில் குந்தி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு வழக்கில்லாத நேரம் போல் எனக்குப் பட்டது.

திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இஞ்சின் நல்லாத்தான் ஓடுது." இறங்கும்போது மறுபடியும் மாப்புக் கேட்டேன். கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். "என்னட்ட மட்டும் கேட்டாக் காணாது தம்பி. அல்லாஹ்ட்டயும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். அடுத்த போகத்துக்கு அவர் வயலில் இறங்கினார் என்று மருமகன் மூலம் பிறகு அறிந்தேன்.

மூடியைக் காட்டி நான் விலை குறைத்த மற்ற இருவரையும் தேடிப் போனேன். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டு, நான் குறைத்த தொகையில் ஒரு பகுதியை என்னிடம் வாங்கிக்கொண்டார். மற்றவர் ஊரைவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று அயலவர்களுக்கும் தெரியவில்லை. இன்றுவரை அவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

இப்போதும் பழைய கார் பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கண்ட பழுதைச் சொல்கிறேன், விலையை அடித்துப் பேசுகிறேன், அதில் வெட்கமில்லை. ஆனால் ஒரு பொருளின் மேல் நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகும் குறையை, அதோடு வாழ்ந்த மனிதர் தன் வாழ்க்கையின் எந்த இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்திக்கொள்வார் என்பது நமக்குத் தெரியாது என்ற பயம், விலை பேச வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நான் துஆ கேட்கிறேன்.